எஃப்-1 மாணவரின் வரிக்கணக்கு: அறைத்தோழருக்கு வந்த ஆயிரம் டாலர் எனக்கும் வருமா?

டல்லாஸிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 2023 ஆகஸ்டில் எஃப்-1 விசாவில் முதுகலை படிக்க வந்தவர். 2025 மே மாதம் படிப்பு முடிந்தது, ஜூலையிலிருந்து ஓபிடியில் (படிப்பு முடித்த மாணவருக்குப் பயிற்சியாக வேலை பார்க்கத் தரும் அனுமதி) வேலை. அந்த ஆண்டில் வளாக நூலக வேலையில் 6,000 டாலரும் நிறுவனத்தில் 38,000 டாலரும் சம்பளம். கூடவே வந்து, கூடவே படித்து, இப்போது ஒரே வீட்டில் இருக்கும் நண்பர் இணையத்தில் ஒரு மென்பொருளைத் திறந்து அரை மணி நேரத்தில் கணக்கை முடித்துவிட்டாராம். கல்விச் சலுகை என்று 1,000 டாலர் கூடுதலாக ரீஃபண்ட் வந்திருக்கிறது. "நானும் அப்படியே போட்டுவிடலாமா? மாணவர்களுக்கு வரியே கிடையாது என்றும் சிலர் சொல்கிறார்கள், எது சரி?" என்பது கேள்வி.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதுபோல் இருந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது வேறு. அமெரிக்க வரிச் சட்டத்தின் கணக்கில் நான் இந்த ஊர்க்காரனா, வெளியூர்க்காரனா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் படிவம், எவ்வளவு கழிவு, எந்தச் சலுகை, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் வரிசையாகத் தெளிந்துவிடும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நண்பர் செய்ததைச் செய்யாதீர்கள். எஃப்-1 நிலையிலேயே இருந்தால் 2027 முடியும்வரை நீங்கள் வரிக்கு நான்ரெசிடென்ட், அதாவது வெளியூர்க்காரர். உங்களுடைய படிவம் 1040-என்ஆர், அதனுடன் 8843. நண்பர் போட்டது வெறும் 1040. அது குடிமக்களுக்கும், வரிச் சட்டப்படி குடியிருப்பாளர் ஆனவர்களுக்கும் உரியது.

நான் பதினோரு ஆண்டுகளாக வரிக்கணக்கு போடும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்பு நானும் எஃப்-1 மாணவிதான். இன்றும் பிப்ரவரி, மார்ச் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக வளாகத்தில் நம் பிள்ளைகளின் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். விசா விவகாரத்தில் நான் வழக்கறிஞர் இல்லை. அந்தப் பக்கம் போகும் இடங்களில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

"இரண்டு வருடமாக இங்கேதானே இருக்கிறேன், எப்படி வெளியூர்க்காரன் ஆவேன்?" என்று எல்லோருமே கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு அமெரிக்கா நாள் கணக்குப் போடுகிறது. இந்த ஆண்டு இங்கே இருந்த நாட்கள் முழுதாக, போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒன்று. இந்த ஆண்டு குறைந்தது 31 நாட்கள் இருந்து, மொத்தக் கூட்டல் 183 தொட்டுவிட்டால் நீங்கள் குடியிருப்பாளர். வேலைக்கான எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இந்தக் கணக்குதான். ஆனால் எஃப்-1 மாணவருக்கு முதல் 5 காலண்டர் ஆண்டுகள் இந்த நாட்கள் எண்ணப்படுவதே இல்லை. வருடம் முழுக்க டல்லாஸில் படுத்து எழுந்தாலும் உங்கள் கணக்கில் இருப்பது பூஜ்யம் நாள்.

சட்டம் இப்படி எண்ணப்படாதவரை "எக்ஸெம்ப்ட் இண்டிவிஜுவல்" என்று அழைக்கிறது. "மாணவர்களுக்கு வரி கிடையாது" என்ற பேச்சு பரவியதற்கு இந்தச் சொல்லே காரணம் என்பது என் அனுபவம். விலக்கு நாட்களை எண்ணுவதிலிருந்துதான், வரியிலிருந்து அல்ல. வளாகத்தில் சம்பாதித்த 6,000 டாலருக்கும் வரிக்கணக்கு உண்டு. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் பிள்ளைகளில் சிலர் இந்த ஒரு சொல்லை நம்பி, முதல் ஆண்டில் எதையுமே தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு வருவதைப் பார்க்கிறேன். இந்தப் பதிலைப் படிக்கும் புதியவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

5 ஆண்டு என்பதை எண்ணும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இது 60 மாதம் இல்லை, காலண்டர் ஆண்டு. ஆகஸ்டில் வந்தாலும் டிசம்பர் 30 அன்று விமானம் இறங்கினாலும் அந்த ஆண்டு முழுதாக ஒன்று. உங்களுக்கு 2023, 2024, 2025, 2026, 2027 ஆகிய ஐந்தும் போய்விட்டால், 2028 ஜனவரியிலும் எஃப்-1 விசாவிலேயே இருந்தால் அன்றிலிருந்து நாட்கள் எண்ணப்படும், அந்த ஆண்டிலேயே குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள். படிப்பு முடிந்து ஓபிடியில் வேலை பார்ப்பதாலோ, ஸ்டெம் நீட்டிப்பு (அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ஓபிடியை நீட்டிப்பது) வாங்குவதாலோ இது மாறாது. விசா நிலை இன்னும் எஃப்-1தான். முன்பு எப்போதாவது பரிமாற்ற மாணவராக ஜே-1 விசாவில் ஒரு பருவம் வந்து போயிருந்தால் அந்த ஆண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். ஊரில் பொறியியல் படிக்கும்போது அப்படி வந்து போனதை மறந்துவிட்டுத் தப்பாக எண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிவம் 8843 என்பது "நான் மாணவன், என் நாட்களை எண்ணாதீர்கள்" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காதவரும் இதை அனுப்ப வேண்டும். மாணவரின் குடும்பத்தினருக்கான எஃப்-2 விசாவில் வந்திருக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் ஆளுக்கொன்று தனித்தனியாக. வருமானமே இல்லாதவர் தனியாக அஞ்சலில் ஜூன் 15க்குள் அனுப்பலாம், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்களைப் போலச் சம்பளம் வாங்கியவர் 1040-என்ஆர் படிவத்தோடு இணைத்து ஏப்ரல் 15க்குள் அனுப்ப வேண்டும். பரவலாகப் பயன்படுத்தப்படும் மென்பொருள்கள் பலவற்றில் 1040-என்ஆர் போடவே வழியில்லை. தொடக்கத்தில் கேட்கும் கேள்விக்குத் தவறாக "ஆம்" என்று அழுத்திவிட்டால் அது உங்களைக் குடியிருப்பாளராகவே எடுத்துக்கொண்டு போய்விடும். ஸ்பிரின்டாக்ஸ், கிளேசியர் போன்றவை நான்ரெசிடென்ட்டுகளுக்காகவே உள்ளவை. பல பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர் அலுவலகங்கள் அவற்றுக்கு இலவசக் குறியீடு தருகின்றன. பட்டம் வாங்கிய முதல் ஆண்டிலும் தரும் இடங்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த 1,000 டாலர். நண்பர் வாங்கியது அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் என்ற கல்விச் சலுகையாகத்தான் இருக்கும். அதிகபட்சம் 2,500 டாலர், அதில் 40 சதவீதம், அதாவது 1,000 டாலர்வரை, கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் கையில் வரும். படிப்புக் கட்டணத்தைக் காட்டிப் பல்கலைக்கழகம் அனுப்பும் 1098-டி தாளைப் பார்த்ததும் மென்பொருள் இதைக் கொடுத்துவிடுகிறது. இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஆண்டின் எந்தப் பகுதியிலாவது நான்ரெசிடென்ட்டாக இருந்தவருக்கு இந்தச் சலுகை இல்லை என்று சட்டத்தின் 25ஏ பிரிவே சொல்கிறது. குடிமகனையோ குடியிருப்பாளரையோ மணந்து, இருவரும் சேர்ந்து கணக்குக் காட்டத் தேர்ந்தெடுத்தவர் மட்டும் விதிவிலக்கு. இரண்டாவது, இந்தச் சலுகை உயர்கல்வியின் முதல் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும். ஊரில் நான்கு ஆண்டு பி.இ. முடித்து முதுகலைக்கு வந்தவர், குடிமகனாகவே இருந்தாலும் கேட்க முடியாது. ஆக, அந்த 1,000 டாலர் நண்பருடைய பணம் இல்லை. இன்று வங்கிக் கணக்கில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே சமயம், நம் பிள்ளைகளுக்கு உரிமையாகவே கிடைக்கும் பெரிய ஒன்றைப் பலர் கோட்டை விடுகிறார்கள். பொதுவாக நான்ரெசிடென்ட்டுகளுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எனும் நிலையான கழிவு (வரி போடும் முன் வருமானத்தில் குறைத்துக்கொள்ளும் தொகை) கிடையாது. இந்தியாவிலிருந்து வந்த மாணவருக்கு மட்டும் உண்டு. 1989இல் புதுடெல்லியில் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு அதைத் தருகிறது. 2025ஆம் ஆண்டுக்குத் தனிநபருக்கான கழிவு 15,750 டாலர். உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். மொத்தம் 44,000. கழிவு போக 28,250. முதல் 11,925 டாலருக்கு 10 சதவீதம், மீதிக்கு 12 சதவீதம் என்றால் வரி ஏறத்தாழ 3,151 டாலர். கழிவு இல்லாவிட்டால் 5,041. வித்தியாசம் 1,890 டாலர். நண்பர் தவறாக வாங்கியதைவிட இது அதிகம், இதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். படிவத்தில் கழிவுத் தொகையை எழுதும் வரிக்குப் பக்கத்தில், இந்திய ஒப்பந்தத்தின்படி எடுத்த நிலையான கழிவு என்று குறிப்பிட வேண்டும். மேற்சொன்ன மென்பொருள்கள் அதைத் தாமே செய்துவிடும்.

இந்த உரிமை பாஸ்போர்ட்டைப் பார்த்து வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா வருவதற்குச் சற்று முன்புவரை நீங்கள் எந்த நாட்டில் குடியிருந்தீர்கள் என்பதையே ஒப்பந்தம் பார்க்கிறது. துபாயில் பிறந்து வளர்ந்து அங்கிருந்தே நேராக வந்த இந்தியப் பிள்ளைக்கு இந்தக் கழிவு கிடைக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்து அறையில் இருக்கும் தோழருக்கும் கிடைக்காது. இலங்கையோடு அமெரிக்காவுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது, அதை அவர் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஐயத்துக்கு இடமுள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. அந்த உட்பிரிவின் வாசகம், இங்குள்ள குடியிருப்பாளர்களுக்குக் கிடைக்கும் அதே விலக்குகளும் குறைப்புகளும் மாணவருக்கும் உண்டு என்று பரந்த சொற்களில் பேசுகிறது. அப்படியானால் கல்விச் சலுகையும் கேட்கலாமே என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் 1993இல் வெளியிட்ட நடைமுறை விளக்கத்தில் நிலையான கழிவை ஒப்புக்கொண்டது, ஒப்பந்தத்தை வைத்து மாணவரைக் குடியிருப்பாளராகவே நடத்திவிடவில்லை. முதுகலை மாணவர் முதல் நான்கு ஆண்டு நிபந்தனையிலும் அடிபடுவதால், உங்களுக்கு இந்த வாதத்தால் பயனில்லை. இன்னொன்று ஓபிடி. படிப்போ பயிற்சியோ முடிய வழக்கமாக ஆகும் காலம்வரைதான் இந்தப் பலன் என்று அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு வரம்பு போடுகிறது, ஆனால் எத்தனை ஆண்டு என்று எண் கொடுக்கவில்லை. ஓபிடி என்பதே பயிற்சிக்கான அனுமதி, ஆகவே அந்தக் காலத்துக்கும் கழிவை எடுக்கலாம் என்பது என் கருத்து. தொழிலில் இருப்பவர்களில் நானறிந்த பெரும்பாலோர் அப்படித்தான் போடுகிறார்கள். சட்டம் இதை ஒரே வரியில் தீர்த்து வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றை நானே கேட்கிறேன், ஏனென்றால் இதில்தான் பிள்ளைகளின் பணம் அதிகம் போகிறது. நிறுவனத்தின் சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கு), மெடிகேர் (முதியோர் மருத்துவத்துக்கு) என்று பிடித்திருக்கிறார்களா? முன்னது 6.2 சதவீதம், பின்னது 1.45 சதவீதம். எஃப்-1 நிலையில் நான்ரெசிடென்ட்டாக இருக்கும்வரை, அனுமதி பெற்ற வேலைக்கு இந்த இரண்டும் பிடிக்கக் கூடாது, ஓபிடியிலும்தான். 38,000 டாலருக்கு 7.65 சதவீதம் என்றால் 2,907 டாலர். நான் ஓபிடியில் இருந்தபோது சிறிய நிறுவனமொன்றில் 14 மாதம் பிடித்தார்கள். கேட்டதற்கு "எல்லோருக்கும் பிடிப்பதுதான்" என்றார்கள். அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஓர் அம்மையார் சீட்டைப் பார்த்துச் சொன்னபிறகுதான் விழித்தேன். முதலில் நிறுவனத்தையே எழுத்தில் கேட்க வேண்டும். அவர்கள் 941-எக்ஸ் படிவத்தில் திருத்தினால் உங்கள் பங்கும் திரும்பும், அவர்கள் கட்டிய இணையான பங்கும் அவர்களுக்குத் திரும்பும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள், வேகம் கூடும். மறுத்தால் அந்த மறுப்பைக் கடிதமாக வாங்கி, 843, 8316 படிவங்களோடு டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று), விசா, ஐ-94 (நுழைவுப் பதிவு), ஐ-20 (பல்கலைக்கழகம் தந்த சான்று), வேலை அனுமதி அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்து ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பலாம். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். பணம் வர மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வரும். எனக்கு வந்தது.

எச்-1பி கிடைத்தால் இந்த விலக்கு அன்றே முடிகிறது. வழக்கமாக அக்டோபர் 1இல் நிலை மாறும், அன்றிலிருந்து பிடிப்பது சரி. அதோடு நாட்களும் அன்றிலிருந்து எண்ணப்படும். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாட்கள்தான், 183 தொடாது. ஆகவே மாறிய ஆண்டுக்கும் பெரும்பாலும் 1040-என்ஆர்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியை மட்டும் குடியிருப்பாளர் கணக்காக எடுத்துக்கொள்ளும் தேர்வு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. மணமானவர்களுக்குச் சில சமயம் அது லாபம், சில சமயம் நட்டம். அதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது, எண்களை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வங்கிச் சேமிப்புக் கணக்கில் வந்த வட்டிக்கு நான்ரெசிடென்ட் வரி கட்ட வேண்டியதில்லை. பங்குச் சந்தைச் செயலியில் விளையாடுகிறவர்கள் கவனம்: ஆண்டில் 183 நாட்களோ அதற்கு மேலோ இங்கே இருந்த நான்ரெசிடென்ட்டின் பங்கு லாபத்துக்கு நேரடியாக 30 சதவீதம். இதில் மாணவர் என்பதால் நாட்களை விட்டுவிடும் சலுகை உதவாது. டிவிடெண்டுக்கு இந்திய ஒப்பந்தப்படி 25 சதவீதம். அப்பா ஊரிலிருந்து அனுப்பும் பணம் வருமானமே இல்லை, அதற்கு எந்த வரியும் கிடையாது. டெக்சஸில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லாததால் உங்களுக்கு அந்த வேலை மிச்சம். ஆண்டு நடுவில் வேறு மாநிலத்துக்கு மாறியவர்கள் அந்த மாநிலத்தின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும், மத்திய அரசுக்கு வெளியூர்க்காரராக இருப்பவர் மாநிலத்துக்கு உள்ளூர்க்காரராக இருக்கலாம்.

ஊர்ப் பக்கமும் ஒரு முடிச்சு இருக்கிறது. விமானம் ஏறிய அன்றே என்ஆர்ஐ ஆகிவிட்டோம் என்று நினைக்கிறோம். இந்திய வருமான வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. புறப்பட்ட நிதியாண்டில் 60 நாட்களாவது இந்தியாவில் இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்களாவது இருந்திருந்தால் அந்த ஆண்டுக்கு நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர். வேலைக்காக வெளிநாடு போகிறவருக்கு 60 நாள் 182 ஆகத் தளர்த்தப்படுகிறது, படிக்கப் போகிறவரைப் பற்றி அந்தத் தளர்வு பேசவில்லை. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுவரை ஊரில் இருந்த நீங்கள் 2023-24க்குக் குடியிருப்பாளரே. அந்த ஆண்டில் இந்திய வருமானமும் இங்கே சம்பாதித்ததும் சேர்ந்து அடிப்படை வரம்புக்குள் இருந்திருந்தால் அங்கே வரி இல்லை. பிந்தைய ஆண்டுகளில் விடுமுறைக்கு மட்டும் போய் வந்தீர்கள் என்றால் இந்தியாவில் நான்ரெசிடென்ட், இங்குள்ள சம்பளத்துக்கு அங்கே வரி வராது. பாட்டி உங்கள் பெயரில் போட்ட வைப்பு நிதியின் வட்டிக்கு மட்டும் அங்கே கணக்கு.

கடைசியாக உங்கள் நண்பர். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, மென்பொருள் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அவர் கணக்கைத் திருத்துவதற்கான 1040-எக்ஸ் படிவத்தோடு, சரியாகப் போட்ட 1040-என்ஆர், 8843 இரண்டையும் இணைத்து அனுப்பி, கூடுதலாக வந்ததை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஐஆர்எஸ் கடிதம் வருவதற்கு முன் தானாகத் திருத்தினால் அபராதம் பெரும்பாலும் தவிரும். பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்தின்போது பழைய வரிக்கணக்குகளைக் கேட்கக்கூடும் என்பது நான் கண்டது, அது எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். நிலையான கழிவு அவருக்கும் இரண்டு படிவத்திலும் ஒன்றே என்பதால், சலுகை நீங்கலாகப் பெரிய மாற்றம் இருக்காது என்று சொல்லித் தைரியப்படுத்துங்கள். இருவருமாக டபிள்யூ-2வை எடுத்து 4ஆம் பெட்டியையும் 6ஆம் பெட்டியையும் பாருங்கள். அங்கே எண் ஏதாவது இருந்தால் அதுதான் மேலே சொன்ன 7.65 சதவீதம். அவர் திருப்பிக் கட்ட வேண்டியதைவிட அவருக்குத் திரும்ப வேண்டியது அதிகமாக இருக்கவும்கூடும்.